மருத்துவரும் மன்றமும்

கல்லூரிகள் விழாவெடுக்குங் காலத்தில் பழைய மாணவரின் பெயர்ப்பட்டியலை விரித்துப் பெருமை கொள்வது நம்மவர் வழக்கம். இத்தனை பேர் வைத்தியராயினர், இத்தனை பேர் நியாயவாதிகளாயினர், இத்தனை பேர் பாராளுமன்றம் சென்றனர் என்று எண்ணிக் காட்டுவோம். எண்ணுவதில் தவறில்லை. ஆயின் வைத்தியர் நிரலிலும் பாராளுமன்றத்தார் நிரலிலும் ஒருங்கே பெயர் பெறும் ஒருவரை எவ்வாறு மதிப்பது என்பதை நாம் சிந்தித்ததில்லை. ஒரு தொழிலை விட்டு இன்னொன்றைப் பற்றினாரா? ஒரே தொழிலின் இரண்டாம் படியில் ஏறினாரா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா வெறும் ஏட்டு வினாவன்று. 2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வைத்தியர்கள் மக்களின் வாக்குப் பெற்றுப் பாராளுமன்றம் புகுந்தனர். அவர்கள் ஒரே கட்சியினரல்லர். ஒருவர்க்கொருவர் எதிர்நின்றவர்களும் உளர். தேர்தலின் பின் அமைந்த அமைச்சரவையிலும் சுகாதாரத் துறை ஒரு வைத்தியரிடமே ஒப்படைக்கப்பட்டது. அப்புக்காத்துமாரையே அனுப்பிப் பழகிய குடாநாடு வைத்தியரையும் அனுப்பத் துணிந்திருக்கிறது. அவர்களுள் எவர் நல்லவர், எவர் அல்லாதவர் என்று தீர்ப்புக் கூறுவது விழா மலரின் வேலையன்று. எந்த அளவுகோல் கொண்டு அவர்களை அளத்தல் வேண்டும் என்று கூறுவது அதன் வேலையாகலாம்.

நம் அரசியல் நியாயவாதிகளின் அரசியலாக வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கம் நம் வடமராட்சியின் அல்வாயிற் பிறந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், தந்தை செல்வநாயகம், கரவெட்டி மைந்தர் மு. சிவசிதம்பரம் வரை முன்னணியில் நின்றோர் பலரும் நீதிமன்றத்திலே நாவன்மை பயின்றவர்கள். தமிழர் பிரச்சினை அரசியற் சாசனத்தின் வாசகம் பற்றிய வழக்காக அமைந்தமையால், வழக்குரைக்க வல்லாரை மக்கள் தேடினர். அன்றியும், நியாயவாதி தன் நேரத்துக்குத் தானே எசமானன். வைத்தியரோ பெரும்பாலும் அரசாங்க ஊழியர். இடமாற்றம் வந்தால் மூட்டை கட்டவும், மேலிடம் கண்டித்தால் வாய் மூடவும் கடமைப்பட்டவர். ஆகவே நெல்லியடிச் சந்தியில் மேடை கட்டிப் பேசியவர்களுள் அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் ஆசிரியர்மாரும் மலிந்திருக்க, வைத்தியர் அருகியே காணப்பட்டனர். 1956இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையா என்னும் கல்விமானைத் தெரிந்தெடுத்தது, அவரும் வைத்தியரல்லர்.

நியாயவாதியின் பயிற்சி வேறு, வைத்தியரின் பயிற்சி வேறு. முன்னவர் தம் கட்சிக்காரனுக்குச் சாதகமானதை எடுத்துரைப்பார்; பாதகமானதை எதிர்க்கட்சிக்கு விட்டுவிடுவார். அது அத்தொழிலின் நெறி. வைத்தியர் தமக்குப் பிடித்த நோயை நோயாளியின்மேற் சுமத்தினால் ஆள் தப்பான். ஆகவே பாதகமானதையே முதலில் தேடும்படி அவர் பழக்கப்படுகிறார். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, வைத்தியன், மருந்து, பணிசெய்வோன் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுத்துக் காட்டுகின்றது. இந்நான்கும் ஒருங்கு கூடுவதற்கு ஐந்தாவதாக ஒன்று வேண்டப்படுகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டு நமக்குக் கற்பித்தது. மருந்தை வரவழைப்பதும், வைத்தியரைப் பயிற்றுவதும், பணிசெய்வோருக்குச் சம்பளம் வழங்குவதும், நோயாளி நோயாளியாகாமலே வாழ நல்ல நீரும் போதிய உணவும் கிடைக்கச் செய்வதும் ஆகிய அனைத்தும் அரசின் கையிலுள்ளன.

இவ்வுண்மையை இலங்கையிலே தெளிவாக உணர்த்தியது 1934ஆம் 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய். மழை பொய்த்தது. என்றும் வற்றாத தென்மேற்கு ஆறுகள் வற்றின. ஓடாத நீர் குட்டைகளாகத் தேங்கியது. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. மலேரியாவுக்குப் பழக்கப்படாத ஈரவலய மக்கள் கூட்டங் கூட்டமாக விழுந்தனர். சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கொயினா வழங்கப்பட்டது. ஆயின் கொயினா உண்டவர்களும் மாண்டனர். ஏனெனில் அவர்கள் வயிற்றில் வேறொன்றும் இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து ஏலவே பட்டினி கிடந்த உடல்களிலேதான் நோய் புகுந்தது.

அக்காலத்தில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியராகவும் இருந்தார், அரசாங்க சபை உறுப்பினராகவும் இருந்தார். 1931இல், சர்வசன வாக்குரிமையின் கீழ் நடந்த முதற் தேர்தலில், மொறவக்கைத் தொகுதி அவரைத் தெரிந்தெடுத்தது. சூரியமல் இயக்கத்தார் கேகாலைப் பகுதிக் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்தபோது அவரும் அவர்களோடு நின்று நோயாளரைப் பார்த்தார்; அவ்வியக்கத்தார் மருந்தோடு உணவையும் கொண்டு சென்றனர். அப்பணியில் ஈடுபட்டோர் 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர். பின்னர் அதனின்று பிரிந்து, 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி அமைந்தபோது விக்கிரமசிங்க அதன் தலைவரானார். அவருடைய கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடை உளர். ஆனால் அவர் சென்ற வழியின் தருக்கத்தை மறுத்தல் அரிது. கொயினா கொடுத்தும் ஆள் சாகிறான் என்றால், வைத்தியர் தம் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு, இவன் ஏன் பட்டினி கிடந்தான் என்று கேட்கவேண்டியவராகிறார். அக்கேள்விக்கு விடை மருந்துச் சாலையில் இல்லை.

2016 செப்தெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எண்பதாண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் வைத்தியர் தனித்துச் செய்ததன்று. சட்டமும், வரவு செலவுத் திட்டமும், நுளம்பு தேடி ஊரூராகத் திரிந்த சிற்றூழியரும் கூடிச் செய்தது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழரிடையே வைத்தியராயிருந்து தேசியச் சட்டமன்றம் சென்றோருள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் டாக்டர் இ. மு. வி. நாகநாதன். செனற் சபையில் அங்கம் வகித்தவர். 1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியபோது தந்தை செல்வநாயகத்தோடும் கு. வன்னியசிங்கத்தோடும் முன்னின்றவர். 1956இல் நல்லூர்த் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1960இல் நடந்த இரண்டு தேர்தல்களிலும் 1965இலும் மீண்டும் அனுப்பியது. 1970இல் அதே தொகுதி அவரைக் கைவிட்டது. பதினான்கு ஆண்டுகள் இடையறாது ஒரு தொகுதியின் நம்பிக்கையைப் பெற்றிருத்தல் எளிய காரியமன்று. மக்கள் அவரை இரும்பு மனிதர் என்று அழைத்தனர்.

அவர் மன்றம் புகுந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை இளைய மாணவர்க்கு நினைவூட்டல் வேண்டும். 1956 யூன் 5ஆம் நாள் தனிச் சிங்கள மசோதா சபைக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர், அ. அமிர்தலிங்கம் தலையிற் கட்டோடு சபைக்குச் சென்றார். 1957 யூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் பிறந்தது. 1958 ஏப்பிரலில் கிழித்தெறியப்பட்டது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் தொடங்கியது; ஏப்பிரலிற் கட்சித் தலைவர்கள் கைதாகிப் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டனர். 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது கைச்சாத்தான இடம் சத்திர சிகிச்சை நிபுணராயிருந்து அரசியலுக்கு வந்த டாக்டர் எம். வி. பி. பீரிஸின் இல்லம். வைத்தியர் வீட்டிற் பிறந்த ஒப்பந்தமும் நெடுநாள் பிழைக்கவில்லை. மாவட்ட சபை யோசனை 1968இல் கைவிடப்பட்டது.

இங்கே ஒரு தடை எழும். விக்கிரமசிங்க நோயிலிருந்து அரசியலுக்கு வந்தார் என்பது விளங்குகிறது. நாகநாதனோ மொழிக்கும் சமஷ்டிக்கும் போராடினாரே, அதற்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, அதைக் காட்டுவதற்குச் செருமானிய நாட்டுக்குச் செல்லவேண்டியிருக்கிறது.

உடலின் நோயெல்லாம் கலத்தில் தொடங்குகின்றது என்று நிறுவிய பேராசிரியர் ருடோல்ப் விர்ச்சோ 1848இல் இளம் வைத்தியர். மேற்சிலேசியா என்னும் பகுதியிற் பஞ்சத்தோடு தைபசுக் காய்ச்சல் பரவியபோது, ஆராய்ந்து வருமாறு பிரசிய அரசாங்கம் அவரை அனுப்பியது. அம்மக்கள் போலிசு மொழி பேசுவோர். அவர்களை ஆண்டோர் செருமன் மொழியினர். இன்ன மருந்து கொடுங்கள் என்ற விடையை எதிர்பார்த்த அரசாங்கத்துக்கு, விர்ச்சோ வேறு விடை கொடுத்தார். சுயாட்சியும் கல்வியும் வீதியும் நியாயமான வரியும் வேண்டும் என்றார். அம்மக்களின் மொழியே அங்கு ஆட்சி மொழியாதல் வேண்டும் என்றும் கூறினார். மக்களுக்கு விளங்காத மொழியில் அவர்களை ஆளுதல் அவர்களை நோயில் ஆழ்த்தும் காரணங்களுள் ஒன்று என்பது அவர் கண்ட முடிபு. அவரும் பின்னர்ச் சட்டமன்றம் புகுந்தார். பேர்லின் நகரசபையிலிருந்து அந்நகருக்குக் கழிவுநீர் வாய்க்கால் அமைக்கப் பாடுபட்டார். பிரசிய மன்றத்திற் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றார். 1880 தொடக்கம் 1893 வரை செருமானியப் பேரரசின் மன்றத்திலும் இருந்தார்.

விர்ச்சோ கண்டதை நம் மண்ணில் செயலிற் காட்டியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவ்வமெரிக்கர், பின்னர் மானிப்பாயில் நம் இளைஞர்க்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். ஊரிற் பரியாரியாரிடம் சென்ற நோயாளி தன் நோவைத் தன் மொழியிற் சொன்னான். ஆஸ்பத்திரியிலும் அவ்வாறே சொல்ல முடியாவிட்டால் அவன் பாதி வைத்தியமே பெறுகிறான். குத்துகிறது, உளைகிறது, எரிகிறது, வலிக்கிறது என்ற நான்கு சொற்களும் நான்கு வேறு நோய்களுக்கு வழி காட்டுவன என்பதை வைத்தியர் அறிவர். ஆதலால் ஆட்சி மொழிச் சட்டத்தை எதிர்த்த நாகநாதன் வைத்தியத்தைத் துறந்து அரசியலுக்குப் போனார் என்று கூறுதல் பொருந்தாது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும், சிங்களத்தில் மட்டும் வந்துசேரும் சுற்றுநிருபங்கள் பற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. சட்டம் எழுதியபின்னும் நோய் தீர்ந்ததா என்று நாடி பார்க்கும் பொறுப்பு மன்றத்துக்குச் செல்லும் வைத்தியருடையது.

தமிழகத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். 1927இற் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947இற் சட்டமாக நிறைவேறியது. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எந்த மருந்தாலும் ஒழிக்க முடியாது. அதற்குச் சட்டமே கத்தி. காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இற் சபையைத் துறந்த அவர் மீண்டும் மருத்துவப் பணிக்குத் திரும்பினார். 1954இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மன்றத்திலிருந்து திரும்பி வரும் வழியும் வைத்தியருக்குத் திறந்தேயிருக்கிறது என்பதற்கு அவ்வம்மையார் சான்று.

இவ்வளவும் ஒரு பக்கம். மறு பக்கத்தை மறைத்தால் இது வழக்குரையாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது.

முதலாவது தடை: மக்கள் நலத்துக்கான பெருஞ் சட்டங்களை இயற்றியவர்களுட் பலர் வைத்தியரல்லர். பிரித்தானியாவில் 1948 யூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கிய அனைரின் பெவன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாயிருந்தவர். அவரை எதிர்த்து நின்றவர்கள் யார்? அந்நாட்டு வைத்தியர் சங்கத்தார். நம் நாட்டிலும் சுதந்திரத்தின் பின் முதற் சுகாதார அமைச்சராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க நியாயவாதியே. ஆகவே வைத்தியர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பொதுச் சுகாதாரத்தின் காவலராகிவிடார். தம் தொழிற் சங்கத்தின் சலுகைக்குக் காவலராக மட்டும் அவர் நின்றுவிடவும் கூடும்.

இரண்டாவது தடை இதனினும் கடியது. வைத்தியரிடம் மக்கள் வைக்கும் நம்பிக்கை வேறெவரிடமும் வைக்காத நம்பிக்கை. அந்நம்பிக்கையை வாக்காக மாற்றுவது எளிது. வாக்கை அதிகாரமாக மாற்றுவது அதனினும் எளிது. கரிபியன் தீவாகிய எயிற்றியில் பிரான்சுவா துவாலியே என்னும் வைத்தியர் கிராமங்களிற் பறங்கி நோயை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டுப் பெயர் பெற்றார். ஒருகாலத்தில் நம் வன்னி மக்களையும் வாட்டிய அதே நோய் அது. ஊசி போட்டுப் புண்ணாற்றிய அந்தக் கையை மக்கள் மறக்கவில்லை. அப்பா டாக்டர் என்று அன்போடு அழைத்தனர். 1957இல் சனாதிபதியானார்; 1964இல் ஆயுட்காலச் சனாதிபதி என்று தம்மைத் தாமே அறிவித்தார். அவருடைய ஏவலாட் படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நன்றியுணர்ச்சி ஒன்றையே கொண்டு வாக்களிக்கும் மக்கள் எங்கே சென்று முடிவர் என்பதற்கு இதனினும் கொடிய பாடம் இல்லை.

மூன்றாவது தடை நம் ஊருக்கு உரியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டு நீங்கினர். ஆஸ்பத்திரிகளில் நிபுணர் பற்றாக்குறை நிலவும் காலத்தில், இருக்கும் ஒருவரையும் மேடைக்கு அனுப்புவது அறிவாகுமா? மந்திகை ஆஸ்பத்திரியின் வாங்கிற் காத்திருக்கும் மூதாட்டிக்குப் பாராளுமன்றப் பேச்சால் என்ன பயன்? டாக்டர் பிதான் சந்திர ராய் 1948 தொடக்கம் 1962 வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சராயிருந்தபோதும் நாள்தோறும் நோயாளரை இலவசமாகப் பார்த்தார் என்பர். எல்லாரும் ராய் ஆகார்.

இத்தடைகளை நான் சிறியன என்று தள்ளவில்லை. ஆயினும் என் முடிபு, வைத்தியர் மன்றம் செல்வது தகும் என்பதே. ஒருவர் தம் வாழ்நாளிற் பார்க்கக்கூடிய நோயாளருக்கு எல்லை உண்டு. ஒரு நல்ல சட்டம் காக்கக்கூடிய மக்களுக்கு எல்லையில்லை. ஆனால் அவர் செல்லும்போது எதைக் கொண்டு செல்கிறார், எதை வைத்துவிட்டுச் செல்கிறார் என்பதிலேயே தகுதி தங்கியிருக்கிறது. அதற்கு நான்கு சோதனைகளை முன்வைக்கிறேன்.

முதற் சோதனை: அவர் நோயின் மூலத்தைப் பேசுகிறாரா, மருந்துச் சீட்டையே பேசுகிறாரா? குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் தங்கும் நீர். தோட்டத்துக்கு இடும் உரமும் மலசலக் குழியின் கசிவும் தடையின்றி அதனுட் சேருகின்றன; கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வாடைக் காற்று மழையோடு டெங்குக் காய்ச்சல் வருகிறது. நீரிழிவு வீடுதோறும் குடியேறிவிட்டது. இவற்றுக்கெல்லாம் புதுக் கட்டடமும் புது யந்திரமும் கேட்பது எளிது. திறப்புவிழாவிற் படமும் பிடிக்கலாம். கழிவுநீர் வாய்க்காலுக்கும், உரக் கட்டுப்பாட்டுக்கும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைச் சட்டத்துக்கும் வாதாடுவது கடினம். அதிற் கைதட்டு இல்லை. விர்ச்சோ வாய்க்காலுக்கு வாதாடினார்.

இரண்டாம் சோதனை: அவர் ஆஸ்பத்திரியைத் தம் அலுவலகமாக்குகிறாரா? தாதியின் இடமாற்றம், சிற்றூழியர் நியமனம், மருந்து வாங்கும் கேள்விப்பத்திரம் ஆகியவற்றுக்குப் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் வேண்டும் என்ற நிலை எங்கே உண்டோ அங்கே வைத்தியம் கெடும். வைத்தியராயிருந்தவர்க்கு ஆஸ்பத்திரியின் உள்வாயில்கள் தெரியும். ஆகவே அவர் தலையிடவும் வல்லவர், தலையீட்டைத் தடுக்கவும் வல்லவர். குறை கண்டால் மன்றத்தில் வெளிப்படையாக வினாவெழுப்பி விடை பெறுவதே அவர்க்கழகு. நோயாளியின் இரகசியம் எவ்வாறு மேடைப் பேச்சாகக் கூடாதோ, அவ்வாறே தம்முடன் பணியாற்றியவர்களை ஆதாரமின்றித் தூற்றுவதும் கூடாது. ஆதாரம் இருப்பின் அஞ்சுதலும் கூடாது.

மூன்றாம் சோதனை: அவர் மக்களுக்குக் கசப்பானதைச் சொல்கிறாரா? அரசியல்வாதி நம்பிக்கையை விற்பவர். வைத்தியரோ, இந்நோய் இத்தனை நாளில் தீராது, இதற்கு நீயும் பத்தியம் காக்கவேண்டும் என்று சொல்லக் கடமைப்பட்டவர். கடந்த முக்கால் நூற்றாண்டில் நம்மிடம் வந்த தலைவர்கள் அடுத்த தேர்தலில், அடுத்த ஒப்பந்தத்தில், அடுத்த போராட்டத்தில் விடிவு என்று கூறினர். ஒப்பந்தங்கள் முறிந்தமைக்குக் கொழும்பின் வஞ்சகம் காரணமாயிருக்கலாம். முறிந்த மருந்தையே மீண்டும் மீண்டும் எழுதிக் கொடுத்தமைக்கு நாமும் காரணம். குணமில்லை என்று கண்டால் நோயறி முறையையே மீளப் பார்ப்பது வைத்தியரின் பழக்கம். அப்பழக்கத்தை மன்ற வாயிலிற் கழற்றி வைத்துவிட்டுச் செல்பவர் இன்னொரு பேச்சாளராக மட்டுமே இருப்பார். பேச்சாளர் நம்மிடம் எக்காலத்தும் குறைந்ததில்லை.

நான்காம் சோதனை நமக்கு மிக அண்மையிலுள்ளது. ஆதலால் மிக அரியது. வைத்தியம் தொட்டுச் செய்யும் தொழில். நாடியைத் தொடாமலும் வயிற்றை அழுத்திப் பாராமலும் நோயறிதல் இயலாது. தீண்டாமை ஆட்சி செய்த குடாநாட்டில், எல்லாச் சாதியார் உடலையும் தொட்டே ஆகவேண்டிய தொழிலாக மேனாட்டு வைத்தியம் வந்து சேர்ந்தது. அத்தொழிலை நாம் விரும்பிக் கற்றோம். அதன் வழி பொருளும் புகழும் பெற்றோம். அதன் அறத்தை மட்டும் ஆஸ்பத்திரிப் படலைக்கு வெளியே வர விடவில்லை. 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் தமிழன் தமிழனைத் தடுத்தான். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தவை வரலாறாகிவிட்டன. கொழும்பிடம் சமத்துவம் கேட்டவர்கள் ஊரில் அதை வழங்கத் தயங்கியதை எதிராளிகள் கண்டுகொண்டனர். நம் இளைஞரும் கண்டுகொண்டனர். வெளிநோய்க்கு மட்டும் மருந்திட்டு உட்புண்ணை மூடி வைத்தால் அது சீழ் கட்டும் என்பதை வைத்தியர்க்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை. இன்று இவ்விடயம் அடங்கிவிட்டது என்போர், திருமண விளம்பரங்களையும் சில கோயில்களின் நிருவாகப் பட்டியலையும் ஒருமுறை வாசிப்பாராக. சைவமும் தமிழும் வளர்க்க எழுந்த கல்லூரிகளிற் பயின்ற வைத்தியர் மன்றம் செல்வாராயின், தொட்டுப் பார்க்கும் அந்த அறத்தைத் தம் சமூகத்தை நோக்கியே முதலிற் பேசுதல் வேண்டும். வாக்கு இழக்க நேரிடலாம். நோயாளி கோபிப்பான் என்று நோயை மறைக்கும் வைத்தியரை நாம் வைத்தியர் என்று சொல்வதில்லை.

வாக்காளராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இன்னார் கைராசிக்காரர், என் பிள்ளையைப் பிழைக்க வைத்தவர் என்ற நன்றி உயர்ந்த உணர்ச்சியே. அந்நன்றிக்கு உரிய இடம் நெஞ்சம், வாக்குப்பெட்டியன்று. ஒருவர் நல்ல வைத்தியர் என்பதற்காக அவரை மன்றத்துக்கு அனுப்பினால், நல்ல வைத்தியரை இழப்பது உறுதி. நல்ல உறுப்பினரைப் பெறுவது ஐயம். மன்றத்தில் அவர் என்ன கேட்டார், எம்மசோதாவுக்கு எவ்வாறு வாக்களித்தார், எத்தனை நாள் சபைக்கு வராதிருந்தார் என்பவை அச்சில் வருகின்றன. ஆஸ்பத்திரியிற் கட்டிலின் காலில் தொங்கும் பத்திரத்தில் நோயாளியின் காய்ச்சல் ஏறியிறங்கிய கோட்டை வைத்தியர் நாள்தோறும் பார்ப்பதுபோல, அவர் பணியின் ஏற்ற இறக்கத்தை நாமும் பார்த்து வருதல் வேண்டும். 1970இல் நல்லூர் மக்கள் பதினான்கு ஆண்டு உறுப்பினரை மாற்றினர். அது சரியோ தவறோ, மாற்றும் உரிமை தம்முடையது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

வைத்திய பீடத்துக்குச் செல்லவிருக்கும் இளைய மாணவர்க்கு ஒன்று சொல்வேன். நீங்கள் எல்லாரும் பாராளுமன்றம் போகவேண்டியதில்லை; பெரும்பாலோர் போகாதிருத்தலே நன்று. ஆயின் உங்களிடம் வரும் நோயாளி ஏன் இந்நோயோடு வந்தான் என்ற வினாவை எவரும் கேளாதிருக்கலாகாது. அவன் குடித்த நீர் எந்தக் கிணற்று நீர், அவன் செய்த வேலை யாது, ஆஸ்பத்திரிக்கு வர அவன் ஏன் இத்தனை நாள் தாமதித்தான் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அக்குறிப்புகள் ஆயிரமாகப் பெருகும்போது அவற்றைச் சுமந்துகொண்டு மன்றத்துக்குப் போக ஒருவர் வேண்டப்படுவார். அன்று உங்களில் ஒருவர் எழுவாராயின், அடுத்த விழா மலர் அவர் பெயரை எந்த நிரலில் எழுதுவது என்று மயங்க வேண்டியிராது. வைத்தியர் நிரலிலேயே எழுதலாம்.